டாசன் பள்ளத்தாக்கின் வரலாற்றை மறுபடியும் எழுதச் செய்யுங்கள்: ஒரு திறந்த மடல்

மத்திய குயின்ஸ்லாந்தின் டாசன், காலைட் பள்ளத்தாக்குகளைச் சேர்ந்த ஷயர் (உள்ளாட்சி வட்டார) மன்ற உறுப்பினர்களுக்கும், பொது நூலகப் பொறுப்பாளர்களுக்கும், வட்டார வரலாற்றுச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் பகுதியில் உள்ள பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வரும் தமிழன் நான். இம்மடலின் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் இதை வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. பெருநகரங்களுக்கு வெளியே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையுள்ள விசாவில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த செவிலியர்கள், மருத்துவர்கள், இறைச்சித் தொழிற்சாலைப் பணியாளர்கள் எனப் பல தமிழ்க் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவின் சிற்றூர்களில் இப்போது வேரூன்றி வருகின்றன. தாங்கள் குடியேறிய மண்ணின் கதை என்ன என்று அவர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களும் படித்து, தத்தம் ஊர்களில் இதே கோரிக்கையை எழுப்ப வேண்டும் என்பது என் விருப்பம்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இப்பள்ளத்தாக்குகளின் வரலாற்றை மறுபடியும், விடுபட்டவர்களையும் சேர்த்து, எழுதச் செய்யுங்கள். அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள்.

இந்த எண்ணம் எனக்கு ஒரு கணித வகுப்பில் பிறந்தது. பரப்பளவுப் பாடத்துக்காகப் பழைய நில அளவை வரைபடம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தேன். பிரிகலோ என்னும் வேல மர வகை அடர்ந்த காட்டைத் துண்டுபோட்டுக் குலுக்கல் முறையில் குடியானவர்களுக்குக் கொடுத்த காலத்து வரைபடம் அது. நேர்கோடுகளும் எண்களுமாக இருந்த அதைப் பார்த்துக்கொண்டிருந்த பதினான்கு வயது மாணவி ஒருத்தி, "இந்தக் கோடுகளைப் போடுவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நூலகத்தில் இருந்த ஊர் வரலாற்று நூல் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது. இரவல் தருவதில்லை என்ற சீட்டு முதுகில் ஒட்டியிருந்தது. கேட்டதும் மறுக்காமல் சாவியைக் கொண்டுவந்து திறந்து கொடுத்தார்கள். ஷயரின் நூற்றாண்டு விழாவை ஒட்டி வெளியான கனமான நூல் அது. முதற்பக்கங்களில் மன்றத் தலைவர்களின் படங்கள். பிறகு முதல் மேய்ச்சல் பண்ணைகள், தபால் வண்டி, இருப்புப்பாதை, பள்ளிகள், தேவாலயங்கள், நடன அரங்கு, வறட்சி, வெள்ளம், போரில் இறந்தவர்கள். பின்னால் இருந்த சொல்லடைவில் குதிரைப் பந்தயத்துக்குப் பத்தொன்பது பக்க எண்கள் இருந்தன. முதற்குடி மக்களுக்கு மூன்று.

நடுப்பக்கம் ஒன்றில் பண்ணை வீட்டு முற்றத்தில் எடுத்த ஒளிப்படம் இருந்தது. "இடமிருந்து வலம்" என்று தொடங்கிய குறிப்பில் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள், பின்னால் நின்றவர்கள் என ஒன்பது பேருக்கும் பெயர் இருந்தது. முன்னால் படுத்திருந்த நாய்க்கும் பெயர் இருந்தது. வலது ஓரத்தில் வெள்ளை மேலங்கி அணிந்து நின்ற கறுத்த இளம்பெண்ணுக்கும் அவள் கையைப் பிடித்திருந்த சிறுவனுக்கும் பெயர் இல்லை. ஆனால் அச்சிட்ட குறிப்புக்குக் கீழே, ஓர் அங்குல இடைவெளியில், யாரோ பென்சிலால் மெல்லிய எழுத்தில் ஒரு பெயரை எழுதி, "என் பாட்டியின் அக்கா" என்று சேர்த்திருந்தார்கள். பூட்டிய அலமாரியில் இருக்கும் நூலை என்னைப்போலவே கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, தன் குடும்பத்துப் பெண்ணைக் கண்டுபிடித்து, அச்சு விட்டுவிட்ட பெயரைத் தன் கையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர். அந்தப் பக்கத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட நூல்களை எழுதியவர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. நூறாண்டு விழாக்களும் 1988ஆம் ஆண்டில் வந்த பிரிட்டிஷ் குடியேற்றத்தின் இருநூறாண்டு நிறைவும் தந்த ஊக்கத்தில், ஆஸ்திரேலியாவெங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தபால் அலுவலர்களும் பண்ணை வீட்டுப் பெண்களும், ஒரு காசு ஊதியமில்லாமல், வரிப் பதிவேடுகளையும் மன்றக் கூட்டக் குறிப்பேடுகளையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும் கல்லறைக் கற்களையும் கையால் படியெடுத்துத் தங்கள் ஊர்களுக்கு வரலாறு எழுதினார்கள். அவர்கள் சேகரித்திராவிட்டால் இன்று திருத்துவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது. ராக்ஹாம்ப்டன் நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் பற்றி 1981இலும், மத்திய குயின்ஸ்லாந்தின் மாட்டுத் தொழிலைப் பற்றி 1988இலும் லோர்னா மெக்டொனால்ட் எழுதிய நூல்கள் இன்றும் இப்பகுதியைப் பற்றி ஆராய்வோர்க்கு முதற்படி. ஆனாலும் பெரும்பாலான ஊர் நூல்கள் நம் தலபுராணங்களைப் போன்றவை. தலத்தின் பெருமையைச் சொல்வது அவற்றின் நோக்கம். தலத்தை நிறுவியவர்களின் வழித்தோன்றல்களே அவற்றின் வாசகர்கள். தலம் அமைவதற்காக யார் விலக்கப்பட்டார்கள் என்று அவை கேட்பதில்லை.

அப்படிக் கேட்பது முடியாத காரியமும் இல்லை. இதே பள்ளத்தாக்கைப் பற்றியே ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கவிஞர் ஜூடித் ரைட் 1959இல் 'தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்' என்ற நூலை வெளியிட்டார். டாசன் பகுதிக்கு மாடுகளோடு வந்து பண்ணை நடத்திய தம் பாட்டனார் ஆல்பர்ட் ரைட்டின் நாட்குறிப்புகளையும் பாட்டி மேயின் நினைவுகளையும் கொண்டு அவர் எழுதிய குடும்பக் கதை அது. வறட்சியோடும் கடனோடும் காய்ச்சலோடும் போராடிய இருவரின் வாழ்க்கையை அன்போடு சொல்லும் அந்த நூலைப் பலரும் விரும்பிப் படித்தார்கள். வேறொருவராக இருந்திருந்தால் அத்துடன் நிறுத்தியிருப்பார். ரைட் நிறுத்தவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், 'தி க்ரை ஃபார் தி டெட்' என்ற நூலோடு அதே நிலத்துக்குத் திரும்பி வந்தார். அதே குடும்பம், அதே பண்ணைகள். ஆனால் இம்முறை பழைய நாளேடுகளையும் அரசுக் கடிதங்களையும் காவல் பதிவுகளையும் துருவித் துருவிப் படித்து, மந்தைகள் வடக்கே நகர்ந்தபோது அந்த நிலத்துக்கு உரியவர்களான வாட்ஜா மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பதிவு பதிவாக எடுத்து வைத்தார். தம் பாட்டனாரை அவர் பழிக்கவில்லை. அவர் வாழ்வின் மறுபாதியில் நின்றவர்களையும் அதே கவனத்தோடு பார்த்தார், அவ்வளவுதான். ஒரே எழுத்தாளர் தம் சொந்தக் குடும்பத்தின் பெருமைக் கதையைத் தாமே திறந்து மறுபடி எழுதிய துணிவுக்கு இணையாக ஆஸ்திரேலிய வட்டார வரலாற்று எழுத்தில் வேறொன்றை நான் படித்ததில்லை. உங்களிடம் நான் கேட்பது அந்த இரண்டாவது நூலைப் போன்ற ஒன்றைத்தான். தனி ஒருவர் தம் குடும்பத்துக்குச் செய்ததை ஒரு மன்றம் தன் ஊருக்குச் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

ஹார்னெட் பேங்க் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் டாசனில் இருந்த அந்தப் பண்ணையில் 1857 அக்டோபர் 27ஆம் தேதி விடியலில் அந்த நிலத்துக்கு உரியவர்களான இமான் மக்களின் ஆண்கள் தாக்கிப் பதினொரு பேரைக் கொன்றார்கள். விதவைத் தாயான மார்த்தா ஃப்ரேசரும் அவருடைய மகன்கள் மூவரும் மகள்கள் நால்வரும் பிள்ளைகளின் ஆசிரியரும் பண்ணைத் தொழிலாளர் இருவரும் இறந்தார்கள். தலையில் அடிபட்டுக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே விழுந்து கிடந்த ஒரு மகன் மட்டும் பிழைத்தான். அதற்குப் பின் குடியேறிகளின் ஆயுதக் குழுக்களும் வெள்ளை அதிகாரிகளின் கீழ் முதற்குடி வீரர்களைக் கொண்டு குதிரைப் படையாக இயங்கிய நேட்டிவ் போலீசும் மாதக்கணக்கில் அப்பகுதியெங்கும் வேட்டையாடி நூற்றுக்கணக்கான முதற்குடி மக்களைக் கொன்றனர். தாக்குதலில் தொடர்பே இல்லாதவர்களும், பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் இமான் பெண்களைப் பலவந்தப்படுத்தியதே தாக்குதலுக்குக் காரணம் என்ற சாட்சியம் 1861ஆம் ஆண்டு நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்பே சொல்லப்பட்டுவிட்டது. இவற்றையெல்லாம் கார்டன் ரீட் தம் 'எ நெஸ்ட் ஆஃப் ஹார்னெட்ஸ்' என்ற நூலில் 1982இலேயே விரிவாக எழுதிவிட்டார். பல்கலைக்கழக நூலகங்களில் அந்த நூல் கிடைக்கிறது. ஊரில் கிடைப்பது நூற்றாண்டு மலர்.

மாடு கவர்ந்த பூசலிலும் மாடு மீட்ட பூசலிலும் இறந்தவர்க்குக் கல் நட்டு, அதில் பெயரும் பெருமையும் பொறித்து வழிபட்ட மக்களின் மொழியில் இதை எழுதுகிறேன். ஹார்னெட் பேங்கில் இறந்த சிறுமிகளின் வயதுகூட நமக்குத் தெரியும். கடைசிக் குழந்தைக்கு மூன்று வயது. அந்தக் குழந்தைக்காக யாரும் வருந்தலாம், வருந்தவும் வேண்டும். அதே ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஓடைக் கரைகளில் இறந்த இமான் குழந்தைகளுக்குப் பெயர்ப்பட்டியல் எதுவும் இல்லை. அடியோடு அழிந்துவிட்டார்கள் என்று நெடுங்காலம் எழுதப்பட்ட இமான் மக்களின் பூர்வீக நில உரிமையைக் கூட்டரசு நீதிமன்றம் 2016இல் ஏற்றது. அழிந்துபோனவர்கள் என்று சொல்லும் ஊர் நூல் ஒரு நூலக அலமாரியில் இன்னும் இருக்குமானால், நீதிமன்றம் திருத்திவிட்ட பிழையை நூலகம் தொடர்ந்து கற்பித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

டாரூம் குடியிருப்பின் கதையும் அப்படித்தான். முதற்குடி மக்களை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், குயின்ஸ்லாந்தின் பல திசைகளிலிருந்தும் முதற்குடி மக்களைப் பிடித்துக் கொண்டுவந்து டாரூமுக்கு அருகே ஆற்றோரத்தில் 1911இல் குடியமர்த்தினார்கள். வெவ்வேறு மொழி பேசியவர்கள், வெவ்வேறு நிலங்களுக்கு உரியவர்கள். முதல் உலகப் போருக்குப் பின் பரவிய இன்ஃபுளுவென்சாவில் அவர்களில் பலர் அங்கேயே மடிந்தனர். 1927இல் குடியிருப்பு மூடப்பட்டது. டாசன் ஆற்றில் பெரிய அணை வரப்போகிறது, இந்த இடம் நீரில் மூழ்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். மக்கள் வடக்கே வூராபிண்டாவுக்கு அனுப்பப்பட்டனர். பலர் அந்த நெடுந்தொலைவை நடந்தே கடந்தனர். அந்த அணை இன்றுவரை கட்டப்படவில்லை. எழுப்பப்படாத ஓர் அணைக்காகத் தங்கள் இறந்தவர்களை மண்ணில் விட்டுவிட்டு நடந்து போன மக்களின் பேரர்கள் வூராபிண்டாவில் இன்று நம் அண்டை ஊர்க்காரர்கள். 1942இல் போரைக் காரணம் காட்டி, வடக்கே கேப் பெட்ஃபோர்டிலிருந்து குகு யிமிதிர் மக்களையும் ராணுவம் கொண்டுவந்து அதே வூராபிண்டாவில் விட்டது. கடலோரத்து வெப்பத்தில் வாழ்ந்த அவர்களில் பலர் உள்நாட்டுக் குளிரிலும் நோயிலும் இறந்தனர்.

இவற்றின் ஆவணங்கள் சிதறிக் கிடப்பதற்கு நிர்வாக எல்லைகளும் ஒரு காரணம். 2008 மார்ச்சில் குயின்ஸ்லாந்தின் 157 மன்றங்கள் 73 ஆகக் குறைக்கப்பட்டபோது டாரூம் ஷயர் கலைக்கப்பட்டது. அதன் வடபகுதி பனானா ஷயரோடும் தென்பகுதி டால்பியைத் தலைமையிடமாகக் கொண்ட மன்றத்தோடும் சேர்ந்தன. விக்டோரியாவில் 1994இல் 210 மன்றங்கள் 78 ஆனபோதும் இதுவே நடந்தது. ஒரு ஷயர் மறையும்போது அதன் கூட்டக் குறிப்பேடுகள் சட்டப்படி புதிய மன்றத்துக்குப் போய்விடுகின்றன. ஆனால் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அறிந்த எழுத்தர் ஓய்வுபெற்றுப் போய்விடுகிறார். அந்த ஷயர் தன் பெயரில் வெளியிட்ட வரலாற்று நூலை மறுபதிப்பு செய்யும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் காற்றில் நிற்கிறது.

நிலத்தின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே மக்களின் கதையை அதிலிருந்து பிரிக்க இயலாது. இங்கிருந்த குடியானவர்களைச் சப்பாத்திக்கள்ளி விரட்டியடித்த காலம் ஒன்று இருந்தது. 1925 வாக்கில் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 240 லட்சம் ஹெக்டேர் நிலத்தை அது மூடியிருந்தது. வீட்டு வாசல்வரை கள்ளி முளைத்து, பூட்டுச் சாவியை அப்படியே விட்டுவிட்டுக் குடும்பங்கள் வெளியேறின. அர்ஜென்டினாவிலிருந்து வந்த காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியின் புழுக்கள் அதைத் தின்று தீர்த்தது எல்லோரும் அறிந்த கதை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, வேறொரு வகைக் கள்ளியை அழிக்க இலங்கையிலிருந்து செதிள்பூச்சி ஒன்று குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டு அந்த வகையை அடக்கியது என்பது பலர் அறியாதது. எனக்கு முன்னால் இங்கே வேலைக்கு வந்த இலங்கைக்காரர் அந்தப் பூச்சிதான் என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் மகிழ்ந்து கேட்டார்கள்.

கள்ளி போனபின் பிரிகலோ. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஃபிட்ஸ்ராய் ஆற்றுப் படுகையின் பிரிகலோ காடுகளைப் பண்ணை நிலமாக்கும் திட்டம் வந்தது. இரண்டு புல்டோசர்களுக்கு இடையே கப்பல் சங்கிலியைக் கட்டி இழுத்து, கண்ணுக்கெட்டிய தூரம் மரங்களைச் சாய்த்து, காய்ந்ததும் தீ வைத்தார்கள். குலுக்கலில் நிலம் பெற்ற இளம் குடும்பங்கள் தகரக் கொட்டகையில் குடியிருந்து பண்ணைகளை உண்டாக்கின. நியூ சவுத் வேல்ஸின் பில்லிகா காட்டைப் பற்றி எரிக் ரோல்ஸ் 1981இல் எழுதிய 'எ மில்லியன் வைல்ட் ஏக்கர்ஸ்' நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும்: தாமே விவசாயியாக இருந்த அவர் மரம், புல், எலிக்கங்காரு, தீ, மாட்டுக் குளம்பு, மனித ஆசை எல்லாவற்றையும் ஒரே கதையாகப் பின்னி, ஆதிக்காடு என்று எல்லோரும் நினைத்திருந்த அடர்ந்த காடு உண்மையில் குடியேற்றத்துக்குப் பின் வளர்ந்தது என்று காட்டினார். பிரிகலோவுக்கு அப்படி ஒரு நூல் வேண்டும். காட்டை அழித்ததற்காக அந்தக் குடும்பங்களைத் திட்டுவதற்கோ, அவர்கள் உழைப்பைப் புகழ்வதற்கோ மட்டுமாக அது சுருங்கிவிடக்கூடாது. அரசு கடன் கொடுத்து அழிக்கச் சொன்னதையே அவர்கள் செய்தார்கள், அதை இன்று என்னவென்று எண்ணுகிறார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டுப் பதிய வேண்டும்.

இங்கேதான் காலம் நம்மை நெருக்குகிறது. தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம் 2009இலிருந்து பழைய நாளேடுகளை எவரும் தேடிப் படிக்கும்படி செய்துவருகிறது. அதை நிலைநிறுத்த 2023இல் கூட்டரசு நான்கு ஆண்டுகளுக்கு 3 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்கியது நல்ல செய்தி. ஆனால் பதிப்புரிமை காரணமாக அதிலுள்ள நாளேடுகளில் பெரும்பாலானவை 1954ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. 1862இல் இப்பகுதியில் நடந்ததை என் மாணவி கைப்பேசியில் தேடிப் படிக்கலாம். 1962இல் நடந்ததைப் படிக்க முடியாது. இன்னொரு முனையில், 2020இல் ஆஸ்திரேலியாவெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர் இதழ்களின் அச்சுப் பதிப்பு ஒரே வீச்சில் நின்றது. 1861இலிருந்து வந்துகொண்டிருந்த ராக்ஹாம்ப்டனின் 'மார்னிங் புல்லட்டி'னும் அதில் ஒன்று. 1954க்குப் பிந்திய ஊர் இதழ்கள் எங்கோ கட்டுக்கட்டாகத் தைத்து வைத்த தொகுதிகளாகவே இருக்கின்றன. குலுக்கலில் நிலம் பெற்றபோது இருபத்தைந்து வயதானவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். தாளும் தேடமுடியாத நிலையில் இருக்கிறது, ஆளும் இல்லாமல் போகிறார்.

நிலக்கரிச் சுரங்க ஊரான மௌராவை நினைத்தால் இந்த அவசரம் இன்னும் கூர்மையாகத் தெரியும். 1975 செப்டம்பரில் கியாங்கா சுரங்கத்தில் பதின்மூன்று பேர், 1986 ஜூலையில் மௌரா நான்காம் எண் சுரங்கத்தில் பன்னிரண்டு பேர், 1994 ஆகஸ்டில் மௌரா இரண்டாம் எண் சுரங்கத்தில் பதினொரு பேர். இருபது ஆண்டுகளுக்குள் ஒரே சிற்றூர் முப்பத்தாறு பேரைப் பறிகொடுத்தது. கடைசி வெடிப்பில் இறந்த பதினொருவரின் உடல்களும் மேலே கொண்டுவரப்படவில்லை. சுரங்கத்தை மூடி முத்திரையிட்டார்கள். அதன் பிறகே குயின்ஸ்லாந்தின் நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் 1999இல் புதிதாக எழுதப்பட்டது. இன்று இந்த மாநிலத்தின் சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் அந்த ஊருக்குக் கடன்பட்டவர். விசாரணை அறிக்கைகளில் வாயுவின் அளவு மணிவாரியாக இருக்கிறது. அன்று இரவு சுரங்க வாசலில் நின்ற பெண்கள் என்ன செய்தார்கள், மறுவாரம் பள்ளியில் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள், அதே தெருவில் அவர்கள் அடுத்த முப்பது ஆண்டுகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பவற்றை விசாரணை ஆணையம் கேட்காது. கேட்டு எழுத வேண்டியது ஊர் வரலாறு.

பிலோயலாவைப் பற்றியும் ஒரு தமிழனாக நான் பேசாமல் இருக்க முடியாது. 2018 மார்ச் 5ஆம் தேதி விடியற்காலையில் எல்லைப் படையினர் புகலிடம் கோரியிருந்த ஒரு தமிழ்த் தம்பதியையும் குயின்ஸ்லாந்தில் பிறந்த அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளையும் அங்கே அவர்கள் குடியிருந்த வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். மெல்பர்னில் காவல், நாடுகடத்தப் புறப்பட்ட விமானம் நீதிமன்றத் தடையால் டார்வினில் இறங்கியது, பிறகு கிறிஸ்துமஸ் தீவு, பெர்த் என்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழிந்து, 2022 ஜூனில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆறாயிரம் பேர்கூட இல்லாத, தலைமுறை தலைமுறையாக மாடும் நிலக்கரியுமாக வாழ்ந்த ஒரு சிற்றூர், அரசின் முடிவை எதிர்த்து அந்த நான்கு ஆண்டுகளும் அவர்களுக்காக விடாமல் நின்றது. உலகத் தமிழர் எல்லோரும் அந்த ஊரின் பெயரை அதனால் அறிவார்கள். செய்தியாக அது எல்லா இடத்திலும் வந்துவிட்டது. ஊரின் பக்கத்துக் கதை மட்டும் இன்னும் ஊரின் நூலில் ஏறவில்லை: முதல் கூட்டம் யார் வீட்டில் நடந்தது, எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள், இறைச்சித் தொழிற்சாலைத் தோழர்கள் என்ன செய்தார்கள், தேவாலயத்தில் என்ன பேசப்பட்டது என்பதெல்லாம் இப்போது நினைவில் மட்டுமே இருக்கின்றன. ஓர் ஊர் தன்னிடம் கடைசியாக வந்தவர்களை எப்படி நடத்தியது என்பதும் அதன் வரலாறு.

இவற்றைச் செய்வது எப்படி என்பதற்கு முன்மாதிரி உண்டு. நியூ சவுத் வேல்ஸின் நராண்டெரா ஷயர் மன்றம் பில் கேமேஜைக் கொண்டு தன் வரலாற்றை எழுதச் செய்து 1986இல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற வரலாற்றாசிரியரிடம் பணியை ஒப்படைத்ததால், விராஜுரி மக்களின் வாழ்வும் அவர்கள் நடத்திய போரும் அதில் முகவுரையின் ஒரு பத்தியாகச் சுருங்கிப் போகவில்லை. மன்றம் பணம் கொடுத்தால் மன்றத்தின் புகழைத்தான் பாட வேண்டும் என்பதில்லை என்று அந்த நூல் காட்டியது. உங்கள் மன்றங்கள், வூராபிண்டா மன்றத்தையும் சமமான பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு, ஷயர் எல்லைகளைத் தாண்டி, பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே நூலாக இதைத் திட்டமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதுபவரின் கையைப் பிடித்து யாரும் திருத்தக்கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இமான், காங்குலு, வாட்ஜா மக்களின் பெரியவர்களை, எழுதி முடித்தபின் கையெழுத்துக்காக அணுகாமல், என்ன எழுதுவது என்று பேசும் முதல் நாளிலேயே அமர்த்த வேண்டும். எதை அச்சிடலாம், எதை அச்சிடக்கூடாது என்று சொல்லும் உரிமை அவர்கள் கதைகளைப் பொறுத்தவரை அவர்களுடையது.

நூல் வர ஐந்து ஆண்டுகள் ஆகலாம். குரல்களைப் பதிவு செய்வதற்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒலிப்பதிவுக் கருவியும் ஓர் அமைதியான அறையும், கேட்கத் தெரிந்த ஒருவரும் போதும்; வாரம் ஒரு முதியவர் என்று இந்த ஆண்டே தொடங்கலாம். 1954க்குப் பிந்திய இதழ்த் தொகுதிகள் எங்கெங்கே உள்ளன என்று கணக்கெடுத்து, வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். 2010 டிசம்பர் வெள்ளத்தில் தியோடர் நகரம் முழுவதையும் காலிசெய்ய வேண்டியிருந்ததை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. 2022 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸின் லிஸ்மோர் நகரில் ஆறு 14.4 மீட்டர் உயர்ந்தபோது நூலகமும் நீரில் மூழ்கியது. பழைய ஊர் நூல்களை மறுபதிப்பாகவோ நல்ல ஒளிநகலாகவோ இரவல் அடுக்குக்குக் கொண்டுவாருங்கள். நூலைப் பூட்டி வைப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது, படி ஒன்றுதான் இருக்கிறது என்பார்கள்; இருந்தாலும், ஊரார் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறை மேசையில் விரித்து வைத்து, "இது உன் கொள்ளுத்தாத்தா" என்று காட்ட முடியாத நூலை ஊர் வரலாறு என்று சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது.

என் பங்காக நான் தரக்கூடியது சிறிது. பழைய நூல்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கும் வேலையைப் பள்ளி விடுமுறைகளில் செய்து தருகிறேன். பட்டியலிடுவதும் சரிபார்ப்பதும் என் தொழிலோடு ஒட்டியவை. உயர்வகுப்பு மாணவர்கள் மூவர் என்னோடு சேர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, அந்த வரைபடத்தின் முன் நின்று கேள்வி கேட்டவள்.

கடைசியாக ஒன்று. அந்த ஒளிப்படத்தின் கீழே உள்ள பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. நான் முதலில் பார்த்ததற்கும் சென்ற மாதம் பார்த்ததற்கும் இடையிலேயே வேறுபாடு தெரிகிறது. நூலில் கிறுக்கியிருக்கிறார்கள் என்று யாராவது அழிப்பானால் துடைத்துவிடவும் கூடும். புதிய நூலுக்கான குழு கூடுவதற்கு முன்பே, நிதி ஒதுக்கப்படுவதற்கு முன்பே செய்யக்கூடியது இது: அந்தப் பக்கத்தை ஒளிநகல் எடுங்கள், அந்தக் குடும்பம் யாரென்று வூராபிண்டாவிலும் டாரூமிலும் விசாரியுங்கள், அவர்கள் இசைந்தால் அந்தப் பெண்ணின் பெயரையும் சிறுவனின் பெயரையும் நூலகப் பட்டியலில் அந்த ஒளிப்படத்துக்கு எதிரே பதியுங்கள். பக்க எண்ணை ஆங்கிலப் படியில் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காலைட் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ் ஆசிரியன்